ஆபிரகாம் வராத இடம்

"அந்தப் பச்சை மழைக்கோட்டு மட்டும் கிடைச்சுட்டா போதும். மத்ததை வைக்கோல் பாத்துக்கும்."

செடிவேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரூலோஃப் யாரிடமோ குசுகுசுத்தான். கூடவே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம். அவன் பெண்டாட்டியாக இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியபடி களை பிடுங்கிக்கொண்டிருந்த ஹார்மெனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பிடுங்கியது களையா, மனைவி அலெய்டா ஆசையாய் நட்ட லாவெண்டர் செடியா என்று பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

பச்சை மழைக்கோட்டு அவனுடையது. மே மாதம் ஐம்பது வயதாகப் போவதும் அவனுக்குத்தான்.

நெதர்லாந்தின் அந்த மூலையில் ஐம்பதைத் தொட்ட ஆண்பிள்ளையை, பைபிளில் வரும் கிழவர் ஆபிரகாமை வைத்து, 'ஆபிரகாமைப் பார்த்துவிட்டான்' என்பார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அன்று விடிவதற்குள் ஆளுயர ஆபிரகாம் பொம்மை ஒன்று அவன் வாசல் தோட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வைக்கோல் வயிறு, பஞ்சுத் தாடி, உடுப்பு மட்டும் பிறந்தநாள்காரனுடையது. அந்த வழியாகப் போகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும்.

ஹார்மெனோ ஓட்டுநர் பயிற்சி ஆசிரியன். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். காரணமில்லாமல் ஹாரனைத் தொட்டால் கையில் தட்டுவான். அவன் தட்டிய கைகள் எல்லாம் காரணத்தோடு ஹாரன் அடிக்கும் நாள் வந்துகொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ரூலோஃப். போன வருஷம் அவனுடைய ஐம்பதுக்குப் பொம்மை செய்தது ஹார்மென். சும்மா செய்திருந்தாலும் பரவாயில்லை. பழைய கக்கூஸ் பீங்கான் ஒன்றைத் தேடிப் பிடித்து, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, அதன்மேல் உட்காரவைத்தான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

"நனையுதுடா, உள்ள தூக்கி வெச்சுடறேன்" என்று ரூலோஃப் கெஞ்சினான்.

"பொழுது சாயுற வரைக்கும் அசைக்கக் கூடாது. நனைஞ்சா நீதான் குடை பிடிக்கணும். முறைன்னா முறை."

ரூலோஃப் குடை பிடித்தான். அந்தப் படம் இன்னும் பேக்கரிச் சுவரில் தொங்குகிறது.

ஆகவே, ஊரைவிட்டு ஓடுவது என்று ஹார்மென் தீர்மானித்தான். ஓடுவதற்கு ஒரு கௌரவமான பெயரும் கண்டுபிடித்தான்.

"அலெய்டா, தெற்கு பிரான்ஸ் போலாமா? மத்தியதரைக் கடல் பக்கம், கிராமத்துல ஒரு மரக்குடில். நீயும் நானும் மட்டும்."

அலெய்டா எழுந்து வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. எப்போ?"

"மே கடைசி வாரம்."

"உன் பொறந்தநாள் அதுல வருதே."

"அட, ஆமால்ல! நான் கவனிக்கவே இல்ல பாரு."

"பாவம் ரூலோஃப். ரொம்ப எதிர்பாத்துட்டிருந்தான்."

"பாவம்தான்" என்றான் ஹார்மென். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள உதட்டை உள்பக்கமாகக் கடிக்க வேண்டியிருந்தது.

அன்றிரவே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தங்கள் நாட்டு மஞ்சள் நம்பர் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படாத இடம் வேண்டும். மனைவியிடம் இதற்கு 'அமைதி' என்று பெயர் சொன்னான்.

"இதைப் பாரு. மலை உச்சி. ரோட்டுலேர்ந்து ஒத்தையடிப் பாதையில ஏறணும். ஈ காக்கா வராது."

"என் முட்டி வருமா? வாசல் வரைக்கும் கார் போகணும்."

"சரி, இது? நடுக்காடு."

"காலையில ரொட்டிக்கு எங்க போவே? வாசல் வழியா ரொட்டி வண்டி வர்ற இடமாப் பாரு."

"வண்டி வந்தா ஹாரன்... சத்தம் கேக்குமே?"

"ஒரு ரொட்டி வண்டி என்ன சத்தம் போட்டுடப் போகுது?"

"அப்ப இது. ஆலிவ் தோப்பு, சரிவுல அழகா..."

"சரிவா? ஐயய்யோ. வாசல்ல சமதரை வேணும். உக்காந்தா ஆடாம உக்காரணும்."

"யாரு, நீயா?"

"யாரா இருந்தாலும்."

எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, சின்ன ரோட்டை ஒட்டி, சமதரை வாசலும் ஒரே ஒரு ஆலிவ் மரமுமாக ஒரு குடில் அமைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஹார்மென் தனியாக ஒரு பீர் குடித்தான்.

புறப்படுகிற அன்று பச்சை மழைக்கோட்டை மடித்துப் பெட்டியின் அடியில் ஒளித்தான். வீட்டில் விட்டுப்போனால் ரூலோஃப் சும்மா இருப்பானா?

"பிரான்ஸ் வெயிலுக்கு மழைக்கோட்டா?" பின்னாலிருந்து அலெய்டா.

"மலைப் பக்கம் பாரு. எப்ப வேணா மழை வரும்."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. மறந்துடாதே. கேம்ப்பிங் கக்கூஸ் பெட்டி எதுக்கு?"

"அந்தக் குடில்ல கக்கூஸ் தோட்டத்துக் கோடியில இருக்காம். ராத்திரி இருட்டுல நான் போக மாட்டேன்."

"அதுவும் சரிதான். கொண்டா."

அவள் பங்குக்கு ஆள் நீளத்துக்கு ஒரு துணிப்பையை இழுத்துவந்தாள். இடுப்புவலிக்குச் சாய்வு மெத்தையாம். டிக்கியில் அடங்கவில்லை. கூப்பிடாமலே ரூலோஃப் ஓடிவந்து கைகொடுத்தான். இருவருமாகப் பின்சீட்டில் ஏற்றினார்கள்.

"மெதுவா, மெதுவா. தலை இடிக்கப் போகுது."

"மெத்தைக்கு ஏதுடா தலை?"

"உன் தலையைச் சொன்னேன்டா, மகராசா. போய்ட்டு வா. நீ இல்லாம தெருவே வெறிச்சுன்னு இருக்கும்."

இவ்வளவு நல்லவனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று ஹார்மெனுக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது.

கார் கிளம்பியதும் பின்சீட்டு பெல்ட்டுக்காக 'கீங் கீங்' என்று கத்தியது. பெல்ட் போடாமல் தன் வண்டியில் ஒரு மூட்டைகூட வரக் கூடாது என்பது அவன் வகுப்பின் முதல் பாடம். இறங்கிப்போய் மெத்தையை நிமிர்த்தி உட்காரவைத்து பெல்ட் மாட்டினான். பெல்ஜியத்தில் ஒருமுறை பிரேக் போட்டபோது அது அவன் தோளில் சாய்ந்தது. லியோன் தாண்டியதும், "வெயில் படுது பாரு, துண்டு போடு" என்றாள் அலெய்டா. போட்டான்.

குடில் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. ஒரு மஞ்சள் பலகை கிடையாது. காலையில் ரொட்டி வண்டி ஒரே ஒரு தடவை ஹாரன் அடிக்கும்; ஹார்மென் பையோடு போவான்; நாள் முழுக்கக் குருவிச் சத்தம்தான். "அமைதின்னா இது" என்று வேளைக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டான்.

பிறந்தநாள் அன்று ரொட்டி வண்டி ஹாரனை நிறுத்தவே இல்லை.

அரைத்தூக்கத்தில், பைஜாமாவோடு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆலிவ் மரத்தடியில், ஆடாத சமதரையில், அவனுடைய கேம்ப்பிங் கக்கூஸ் பெட்டிமேல், கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, பச்சை மழைக்கோட்டும் பஞ்சுத் தாடியுமாக ஆபிரகாம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் பிரெஞ்சில், 'எனக்கு 50. ஹாரன் அடியுங்கள்.'

"உங்க அண்ணனாங்க?" என்றாள் ரொட்டிக்காரி. "மூக்கு அப்படியே இருக்கே."

"அலெய்டா! இதை யாரு இங்க கொண்டாந்தது?"

"நீதான்" என்றாள் அலெய்டா, கேக்கோடு வந்து. "பெல்ட்டெல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்தியே."

"கோட்டு?"

"அதுவும் நீதான். கோட்டுக்கு என்ன பண்றதுன்னு ரூலோஃப் தவிச்சான். காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு, அவன் ஊரைவிட்டு ஓடுவான், கோட்டையும் அவனே பத்திரமா எடுத்துட்டு வருவான்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப வேலிக்கு அந்தப் பக்கம் சிரிச்சது..."

"நீ என் லாவெண்டரைப் பிடுங்கினதுகூட எனக்குத் தெரியும்."

அவள் போனைத் தூக்கி வீடியோ அழைப்பைக் காட்டினாள். ஹார்மென் வீட்டுப் புல்தரையில், ஹார்மென் வீட்டு நாற்காலிகளில், தெருவே வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தது. "ஹார்மெனுக்கு வாழ்த்து! அலெய்டாவுக்கு வாழ்த்து!" அங்கே பிறந்தநாள் என்றால் வீட்டாருக்கும் வாழ்த்து உண்டு. நடுவில் ரூலோஃப்.

திராட்சைத் தோட்டத்து டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதுவும் அட்டையைப் படிக்காமல் போகவில்லை.

பதினோரு மணிவாக்கில் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பெருந்துளியாக மழை விழத் தொடங்கியது. ஹார்மென் ஒரே பாய்ச்சலில் போய் ஆபிரகாமின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தான்.

"டேய் ஹார்மென்" என்றான் ரூலோஃப், இன்னும் அணைக்காத போனிலிருந்து. அவன் பின்னால் தெருவே எட்டிப் பார்த்தது. "நனைஞ்சா என்ன செய்யணும்?"

அலெய்டா தாழ்வாரத்தில் நின்றபடியே குடையை நீட்டினாள்.

ஹார்மென் ஆபிரகாமைத் திரும்ப உட்காரவைத்தான். குடையை வாங்கி விரித்து, அவர் தலைக்கு மேல் பிடித்தான்.