ஜாடை சாரும் ஸ்டார் சர்க்கரையும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரிலும், எவரையுமே பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷர் ஒருத்தர்தான். எங்க ஜாடை சார்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே பெருக்கித் துடைத்து டீ போடுகிற வேலை எனக்கு. ஜாடை சார் புரோகிராம் எழுதுகிறவர். காலையில் படி ஏறும்போதே, "மெலிஞ்ச, மூக்குத்தி போட்ட, பேசாத அம்மா வந்தாச்சா?" என்று குரல் கேட்கும். அது நான்தான். முதலாளி, "வழுக்கையா, சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே இருக்கிறவர்." அதையும் அவர் எதிரிலேயே சொல்வார்.

எனக்கு வாய் வராது. ஒருத்தர் பேசும்போது பாதியில் எழுந்து போகவும் கூச்சம். அதனாலேயே தன் தொழிலை முழுக்க என்னிடம் கொட்டித் தீர்த்தார்.

"பேர் சொல்லித் தேடினா ஒரே ஆளுதாம்மா கிடைப்பாங்க. வேற யாருக்கும் பொருந்தாது. ஜாடை சொல்லித் தேடினா, அந்த ஜாடையில இருக்கிற எல்லாரும் மாட்டுவாங்க. கம்ப்யூட்டருக்கு நான் எழுதித் தர்றது ஜாடை."

அது எனக்குப் புரிந்தது. எங்க அயனம்பாக்கம் குழாயடியில் ஒருத்தி, "சில பேரு கொடத்தக் கழுவாமயே வந்துர்றாளுங்க" என்று ஜாடை பேசினால் நாலு பேருக்கு ரோஷம் வரும். சொன்னது ஒருத்தியை. பொருந்தினது நாலு பேருக்கு.

"பொருத்திப் பாக்கிறதுக்கு லைப்ரரி இருக்கு" என்றார் இன்னொரு நாள். நான் அலமாரியைப் பார்த்தேன். "புஸ்தகம் இல்லம்மா! யாரோ புண்ணியவான் எழுதி வெச்ச புரோகிராம். நம்ம புரோகிராமோட சேத்துக்கணும். ஜாடை நம்மளது, பொருத்தம் பாக்கிறது அதோட வேலை." கல்யாணத் தரகர் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை, "கீழே போய், ச வரிசையில ஆரம்பிச்சு ம்-ல முடியிற பேருள்ள, கண்ணாடி போட்டவரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார். போனேன். சண்முகம், சதாசிவம், சிங்காரம், மூன்று பேரும் கண்ணாடியோடு மாடி ஏறி வந்தார்கள். சாருக்குப் பூரிப்பு. "மூணும் பொருந்துது!"

"இன்னா சார், மிஷினை நிறுத்திட்டு வந்துகீறோம். யாரு வேணும் ஒனக்கு?" என்றார் சிங்காரம்.

"சதாசிவம்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா அண்ணாத்தே?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களே!"

டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் "ஸ்டார்" என்பார். ஸ்டார் என்றால் அவர் எழுத்தில் ஒரு பூப்போட்ட புள்ளி. ஒன்று இருந்தாலும் சரி, பத்து இருந்தாலும் சரி என்று அர்த்தமாம். நானும் ரெண்டு ஸ்பூன் போட்டுவிடுவேன். பொண்ணு பார்க்கிறார்களா என்று முதலாளி கேட்டபோதும், "பொண்ணு ஸ்டார்" என்றார்.

"இன்னா நைனா, பத்து பொண்ணு வந்தாலும் கட்டிப்பியா?"

"ஒண்ணுமே வராட்டியும் சரிங்கிறேன்."

அப்போதுதான் ஒரு பெரிய ஃபேக்டரியின் வேலை வந்தது. அங்கே இருந்த கம்ப்யூட்டர், தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்குமாம். கோளாறு வந்தால் மட்டும் அந்த வரியில் ஆச்சரியக்குறி போடும். சின்னக் கோளாறுக்கு ஒன்று, பெரிசுக்குக் கொத்தாக. அதைக் கண்டுபிடித்து மணி அடிக்கிற புரோகிராம் எங்களுடையது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிடிக்கவில்லையென்றால் கம்பெனிக்குப் பூட்டு.

முந்தின நாள் வியாழக்கிழமை சாரும் முதலாளியும் அதை ஓட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நல்ல வரிக்கும் அடித்தது, காலி வரிக்கும் அடித்தது. கீழே பட்டறையில் சாப்பாட்டு மணி என்று நினைத்து எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள்.

முதலாளி சாவிக்கொத்தைக் கீழே போட்டார். "இது ஆபீஸா, தீமிதி திருவிழாவா? நாளைக்கும் இப்டியே கத்திச்சுன்னா, நான் பழையபடி பீரோ விக்கப் பூடுவேன். நீ இன்னா பண்ணுவே?"

"லைப்ரரியிலதான் தப்பு சார்!"

"அந்தப் புண்ணியவான் எங்க கீறான்? கூட்டினு வா, கேட்போம்!"

ஜாடை சார் முகம் செத்துப்போயிருந்தது. டீ அறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் கலக்கம்தான், அந்த வேலை போனால் எனக்கும் வேறு இல்லை. அன்றைக்குப் பார்த்து டப்பாவில் சர்க்கரை சுத்தமாக இல்லை. வாங்கி வரச் சொல்லி யாரிடமும் கேட்கக் கூச்சம். அப்படியே டீயைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாய் குடித்தார். "என்னம்மா இது! சர்க்கரையே இல்ல!" அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ. "நீங்கதான சார் ஸ்டாருன்னு சொல்வீங்க? ஒண்ணுமே இல்லாட்டியும் சரின்னு?"

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப டம்ளரைப் பார்த்தார். "அட பாவி!" என்று கத்தினார். என்னைத்தான் திட்டுகிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இல்லம்மா, நான்! ஆச்சரியக்குறி ஸ்டாருன்னு எழுதி வெச்சிருக்கேன். ஆச்சரியக்குறியே இல்லாட்டியும் சரின்னுதானே ஆகுது? அந்த லைப்ரரி என்ன பண்ணும், சொன்னதைச் செஞ்சிருக்கு!"

ஓடிப்போய் ஸ்டாரை அழித்துவிட்டுக் கூட்டல் குறி போட்டார். அதற்கு, குறைந்தது ஒன்றாவது இருக்கணும் என்று அர்த்தமாம்.

மறுநாள் ஃபேக்டரிக்காரர்கள் வந்தார்கள். வரிகள் ஓடின. மணி கம்மென்று இருந்தது. வந்தவர், "மணி வேலை செய்யுதா?" என்று சந்தேகப்பட்டார். சார் ஒரே ஒரு ஆச்சரியக்குறியைத் தட்டினார். ஒரே ஒரு தடவை அடித்தது. கீழே சிங்காரம் மட்டும் சாப்பிடப் போய்விட்டார்.

கம்பெனி பிழைத்தது. சர்க்கரை கேட்டால், "கூட்டல்மா, கூட்டல்" என்பார் அதற்கப்புறம்.

சில வருஷம் கழித்து, வெளியூரில் பெரிய வேலை கிடைத்துக் கிளம்பினார். வழுக்கையிடம் சொல்லிக்கொண்டார். மூன்று கண்ணாடிக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டார். கடைசியாக டீ அறை வாசலில் வந்து நின்றார். மெலிஞ்ச, மூக்குத்தி போட்ட என்று ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன்.

"வர்றேன், கன்னியம்மா" என்றார்.

தலையை ஆட்டினேன். பேர் சொன்னால் வேறு யாருக்கும் பொருந்தாது என்று அவர்தானே சொல்லியிருந்தார்.