எந்த மாடியில் இருக்கிறார்?

மனிதர்களில் மூடுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. கோபக்காரர் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கோபக்காரர் கத்துவார், அடுத்த நிமிடமே காபி கேட்பார், கதை முடிந்தது. மூடுக்காரர் கத்த வேண்டும் என்றே அவசியமில்லை. வாயைத் திறக்காமலேயே ஒரு வீட்டை, ஓர் அலுவலகத்தை, சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தையே கப்சிப் ஆக்கிவிடுவார். கேட்டால், "மூடு சரியில்ல" என்பார், என்னமோ அது அவருக்கென்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு மாதிரி.

ஏன், நமக்கெல்லாம் மூடு கிடையாதா? காலையில் உற்சாகம், மதியம் சலிப்பு, சாயங்காலமானால் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு வருத்தம் என்று எல்லாருக்கும்தான் வருகிறது, போகிறது. நாம் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். மூடுக்காரருக்கு வந்தால் மட்டும் சுற்றியிருப்பவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவர் மூடைப் பார்க்க வேண்டும்.

இங்கே நாம் பார்க்கப்போகிற மூடுக்காரர், லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் கிளை மேலாளர். ஊரிலுள்ள லிப்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குவதற்கு அவர் பொறுப்பு. அவர் ஏறி இறங்குவதற்கு அலுவலகமே பொறுப்பு. கை நிறைய கிரீஸோடு வந்து நிற்கும் மெக்கானிக்குகள் யாரும் நேரே அவர் அறைக்குப் போகமாட்டார்கள். வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு, அங்கிருக்கும் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்கள்:

"இன்னிக்கு எந்த மாடியில இருக்காரு?"

"தரைக்கும் கீழ."

"அப்போ லீவ நாளைக்கே கேட்டுக்கறேன்."

பன்னிரண்டு மாடி ஆழக் குழிக்கு மேலே, ஒற்றைப் பலகையில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் இவர்கள். அவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு மட்டும் ஒருவரை ஒருவர் முன்னே தள்ளுவார்கள்.

வீட்டில் வரவேற்பு மேசை ஏது? அங்கே ஒரு கொக்கி இருந்தது. வாசலை ஒட்டிய சுவரில் சாவி மாட்டும் கொக்கி. அவர் உள்ளே வந்து சாவியை அதில் மாட்டினால் நல்ல மூடு. மேசைமேல் 'டக்' என்று போட்டால் தீர்ந்தது. டக் சத்தம் கேட்டதும் மனைவி டிவியை அணைப்பாள், மகள் செல்போனை மௌனமாக்குவாள், இருவரும் ஆளுக்கொரு மூலையில் அவசர வேலை கண்டுபிடிப்பார்கள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாகவே பழகிவிட்டது.

இவருக்கு யாரும் புத்தி சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார்கள். மனநிலையைக் கையாள்வது எப்படி என்று கம்பெனியே ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. மூடு மாறுவது இயற்கை, அதைக் கவனியுங்கள், எரிச்சலா சலிப்பா என்று அதற்குப் பேர் சொல்லுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், தூங்குங்கள், கொஞ்சம் நடங்கள் என்று பாவம், வகுப்பெடுத்த அம்மாள் படித்துப் படித்துச் சொன்னார். நம்மவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். முன்பெல்லாம் வெறுமனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இப்போது, "எனக்கு எரிச்சலா இருக்கு, கவனிச்சுக்குங்க" என்று அறிவித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூச்சை அவர் இழுத்து விட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு மூச்சு நின்றது. மனைவி ஒருநாள், "எனக்கும் இன்னிக்கு மனசே சரியில்லங்க" என்றாள். "அதெல்லாம் சும்மா இருக்கறதால வர்றது. ஏதாவது வேலையப் பாரு" என்றார். வகுப்பில் அந்தப் பக்கம் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

அந்த வாரம் மகளுக்கு வேலை கிடைத்தது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில், எக்ஸ்ரே பிரிவில். ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, ஆசைப்பட்ட இடம். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் சொல்லி, அவர் வாயால் "போய்ட்டு வாம்மா" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். ஆகவே கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள், டக். செவ்வாய், டக். புதன்கிழமை சாவி கொக்கிக்குப் போயிற்று; அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரரின் கார் வழியை மறித்து நிற்பதை அப்பா ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். வியாழன், பெரிய டக்.

வெள்ளிக்கிழமை நடந்ததுதான் விசேஷம். அன்று அலுவலகத்தில் அவர் உச்சி மாடியில் இருந்தார். நெடுநாள் தகராறு செய்த லிப்ட் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பை நிறைய திராட்சை வாங்கிக்கொண்டு, விசில் அடிக்காத குறையாக வீட்டுக்கு வந்தார். சாவியை மாட்டக் கையை நீட்டினார். கொக்கி இல்லை. மதியமே ஆணியோடு பெயர்ந்து செருப்புகளுக்கு நடுவே விழுந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. என்ன செய்வார் மனிதர்? மேசைமேல் போட்டார்.

டக்.

டிவி அணைந்தது. சொல்ல வாயெடுத்த மகள் தண்ணீர் குடிக்கப் போனாள். திராட்சைப் பையோடு நடுக்கூடத்தில் நின்றவர், "என்ன, யாரோ செத்துப்போன மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தபடிதான் கேட்டார். டக்குக்குப் பிறகு பதில் சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"ஒரு மனுஷன் சந்தோஷமா வீட்டுக்கு வந்தா, ஒரு முகமாவது மலருதா? ச்சே! இருந்த மூடும் போச்சு!"

மூச்சை இழுத்து விட ஆரம்பித்தார். அப்போது பார்த்து அவர் செல்போன் அடித்தது. தலைமை அலுவலகத்துப் பெரியவர்.

"சொல்லுங்க சார்! ஐயோ, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல சார்! எந்நேரமும் கூப்பிடலாம் சார்!"

குரலில் தேன் ஒழுகியது. போனை வைத்தார்; கரண்டு வந்த மின்விசிறி போல, அந்த எரிச்சல் மூச்சு நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு எதுவோ அறுந்துபோயிற்று. இத்தனை வருடமாக அப்பாவால் முடியவில்லை என்றே அவள் பரிதாபப்பட்டிருந்தாள். முடிகிறது. நமக்காக முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய், வருகிறேன் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டாள்.

கிளம்பும் நாள்வரை அம்மாவும் மகளும் நல்ல மூடுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் அலுவலகத்தில் இருந்தபோது அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாள். மகள் போய்ச் சேர்ந்ததும் மருத்துவமனை போனிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டாள். அவருக்குத் தெரியாத எண்.

"வணக்கம், சொல்லுங்க! நான் என்ன உதவி செய்யணும்?"

அந்தக் குரல் அவளை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நல்ல குரல்! அது மறுபடி "சொல்லுங்க" என்றதையும் கேட்டுக்கொண்டாள். அழுகை வந்தது.

"அப்பா, நான்தான். வேலைக்குச் சேந்துட்டேன்."

"என்னது? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்க மூடு பாத்துட்டு இருந்தோம்பா."

அதற்கப்புறம் அவர் ஒரு வாரம் தரைக்குக் கீழேயே இருந்தார் என்றும், 'வீட்டில் என்னை யாரும் மதிப்பதில்லை' என்று மெக்கானிக்குகளிடம் புலம்பினார் என்றும் கேள்வி.

இவ்வளவு நேரம் எங்கள் மேனேஜர் அப்படியே, என் மாமனார் அப்படியே என்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? நல்லது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உடனே நுழைந்துவிடாதீர்கள். வாசலில் நின்று காது கொடுங்கள். உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். பிறகு பூட்டில் சாவியை வைத்துத் திருப்புங்கள். சிரிப்பு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.