பெரியவர் லைனில் இருக்கிறார்

பஸ் போக்குவரத்துக் கழகத்தின் விசாரணைப் பிரிவில், ஃபோன் வராத இருக்கைகளை எடுத்துவிடப் போவதாகச் சுற்றறிக்கை வந்ததிலிருந்து கடைசி இருக்கை குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் ரிசீவரும் கையுமாக ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவருடைய ஃபோன் மட்டும் வாய் மூடிக் கிடந்தது.

தன் செல்லிலிருந்து தன் மேஜை ஃபோனுக்குத் தானே கூப்பிட்டார். எடுத்து, வைத்தார். பேசாத அழைப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றது கம்ப்யூட்டர். வேறு வழியில்லை, பேசித்தான் ஆக வேண்டும்.

ரிசீவரில், "வணக்கம், பஸ் விசாரணை."

மேஜைக்கடியில் குனிந்து, செல்லில், கரகரவென்று, "தம்பி, ஆஸ்பத்திரிக்கு பஸ் எப்பப்பா?"

பெரியவர் அப்படித்தான் பிறந்தார்.

தினமும் கூப்பிட்டார். பஸ் விவரமெல்லாம் தீர்ந்து, பேச்சு முழங்கால் வலிக்குப் போனது. ஒருநாள் குமாஸ்தா வாய் தவறி, "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டார். "நீ சாப்பிட்டியா தம்பி?" என்று மேஜைக்கடியிலிருந்து பதில் வந்தது. குமாஸ்தா ஒற்றை அறையில் தானே பொங்கித் தானே தின்கிற மனுஷர். அவரை யாராவது அப்படிக் கேட்டு வருஷக் கணக்காகியிருந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பெரியவர் பேச்சைப் பதிவுல கேட்டேன்யா. கண்ணு கலங்கிடுச்சு. நாளைக்குத் தலைமையகத்து அதிகாரி வர்றாரு. பெரியவரைக் கூட்டிட்டு வாங்க, அவர் பக்கத்துல உக்கார வைப்போம்."

"அவருக்கு உடம்பு சரியில்ல சார்."

"அதனாலென்ன, வண்டி அனுப்புறேன்."

"ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க சார்."

"எந்த ஆஸ்பத்திரி? அதிகாரியையும் அங்கேயே கூட்டிட்டுப் போயிடலாம்."

"காலையிலதான்... போய்ச் சேர்ந்துட்டாரு சார்."

மேனேஜர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

செய்தி பரவி, பிரிவு முழுக்க எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. சிலர் நிஜமாகவே விசும்பினார்கள். நமக்காக அழ இத்தனை பேரா என்று குமாஸ்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து இருக்கை அம்மாவின் தேம்பல் மட்டும் அடங்கவில்லை.

"விடுங்கம்மா, வயசானவர்தானே" என்று குமாஸ்தா தேற்றினார்.

தண்ணீர் கொண்டுவந்த பியூன் அவர் காதோரம் குனிந்தான்.

"ஜனங்கதான் எல்லாத்தையும் செல்லுலயே பார்த்துக்குறாங்களே சார்? இவங்கெல்லாம் லைன்ல ஆளே இல்லாம, சும்மா ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுறாங்க. இந்த ஆபீசுக்கு ஃபோன் பண்ண ஒரே ஆளு அந்தப் பெரியவர்தான்!"