என் டின்னில் விழுந்த ஒரே புளியங்கொட்டை

இத்தனை மதமும் இத்தனை இனமும் கலந்து கிடக்கிற இந்த நாட்டில் ஜனநாயகம் வேரூன்றுமா என்று இப்போது கோப்பிக் கடைக்குக் கோப்பிக் கடை விவாதம் நடக்கிறது. தாராளமாக வேரூன்றும். என் தலைமேலேயே ஒருமுறை ஊன்றியிருக்கிறது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். புதுக் கல்யாணம், ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். (தலைக்கனத்துக்கு இது போதாதா?) எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். தண்டவாளம் மாற்றிவிடும் மலாய்க்காரர் பாக் மாட் என்பவருக்கு விடிகாலைத் தொழுகைக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை தலை முழுக வேண்டும். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் அந்தோணி, ஞாயிறு பூசைக்கு முன் தன் பிள்ளைப் பட்டாளத்தைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். தினமும் வாளிச் சண்டைதான்.

இன்னொரு பைப் கேட்டுக் கூட்டமாகப் போனோம். வெள்ளைக்காரத் துரை சிரித்தார். "ஆளுக்கொரு சாமி கும்பிடுகிறவர்கள் நீங்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்புறம் பைப்பைப் பற்றிப் பேசலாம். ஜனநாயகமெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஒரே ஆளாக நான் போய்த் துரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் சீக்கிரமே பெரிய கிராணி ஆகிவிடலாமே என்ற ஆசையும் கூடவே கொதித்தது.

தேர்தல் என்று அறிவித்தேன். பைப்பில் தண்ணீர் பிடிப்பது பெண்கள், ஆகவே பெண்களுக்கும் ஓட்டு என்றேன். (அப்படி ஒரு முற்போக்கு!) படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு பால் டின்கள். ஒன்றின் மேல் என் பேனா, இன்னொன்றின் மேல் பாக் மாட்டின் பச்சைக் கொடி. அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். எதிரி இல்லாமல் ஜெயிப்பதில் என்ன பெருமை என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஆளுக்கொரு புளியங்கொட்டை. மறைப்புக்கு என் மனைவி கமலத்தின் பழைய சேலை.

பைப்படியில் நின்று பிரசங்கமும் செய்தேன். "சகோதர சகோதரிகளே! மதத்தைப் பார்க்காதீர்கள், மனிதனைப் பாருங்கள்!" வாய் இதைச் சொல்லும்போது மனம் வேறு கணக்குப் போட்டது. வரிசையில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். யார் என்ன பிரசங்கம் செய்தாலும் மதம் பார்த்துத்தானே போடுவார்கள்?

அது போதாதென்று வீடு வீடாகவும் போனேன். அந்தோணி மாதா மேல் சத்தியம் செய்தான். சீனத் தச்சர் ஆ சோங் தம் தெய்வம் குவான் யின் மேல் சத்தியம் செய்தார். நம் ஆட்கள் முருகன் மேல். நான் மனதுக்குள் கிரீடமே வைத்துக்கொண்டேன்.

தேர்தல் நாளில் சேலைக்குப் பின்னால் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் புளியங்கொட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார்கள். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு போட்டான். ஆ சோங் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கிராணி, ரெண்டு டின்லயும் போடலாமா? யாருக்கும் கோவம் வராது லா."

"முடியாது, ஒருத்தருக்குத்தான்!"

"அப்ப கஷ்டம் லா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக நான் போனேன். தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது வெட்கங்கெட்ட வேலை. பாக் மாட்டுக்குத்தான் போடப் போகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். ஆனால் உள்ளே யார் பார்க்கிறார்கள்? என் டின்னிலேயே போட்டேன்.

எல்லார் முன்னாலும் டின்களைக் கவிழ்த்தோம். பாக் மாட் டின்னிலிருந்து புளியங்கொட்டை மலையாகக் கொட்டியது. என் டின்னைக் கவிழ்த்து, குலுக்கி, அடியில் தட்டினார்கள். ஒன்றே ஒன்று விழுந்து உருண்டது.

இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், சீனர், சீக்கியர் அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள், நான் வேண்டாம் என்று. மதத்தைப் பார்க்காதே என்று சொன்னேன், படுபாவிகள் அப்படியே கேட்டுவிட்டார்கள். மனிதனைப் பார் என்றேன், பார்த்துவிட்டார்கள். "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று சொல்லித் தினமும் வாளியை முன்னால் சொருகியவன் நான். வயிற்றுப் பிள்ளைக்காரி வந்தால் தன் வாளியை எடுத்து நகர்த்திவைத்தவர் பாக் மாட்.

அன்று சாயங்காலம் துக்கம் விசாரிக்க வருவதுபோல ஒவ்வொருவராக வந்தார்கள்.

"கிராணி, அந்த ஒண்ணு நான் போட்டதுங்க" என்றான் அந்தோணி.

"அந்த ஒண்ணு என்னுது லா" என்றார் ஆ சோங்.

நம் ஆட்களும் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். ஜெயித்த பாக் மாட்டே வந்து என் தோளைத் தட்டினார்.

"கவலப்படாதே தம்பி. நான் ஒனக்குத்தான் போட்டேன் லா."

பொய் சொல்வதிலும் சாதி மத பேதமில்லாத ஊர் எங்களுடையது. மறுத்துப் பேசவும் வழியில்லை. அந்த ஒன்று என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது?

பாக் மாட் துரையிடம் போனார், நாற்காலியில்கூட உட்காராமல் பேசினார், பைப் வந்தது. நான் இன்றுவரை சின்னக் கிராணிதான்.

தேர்தல் நடந்த அன்று ராத்திரி சோறு போடும்போது கமலம் மெதுவாகச் சொன்னாள்: "ஊரே கைவிட்டாலும் நான் விடுவேனாங்க? அந்த ஒண்ணு நான் போட்டது." கண் கலங்க அவளுக்கு நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய?

அந்த ஒன்று நான் போட்டது என்பது அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். போன மாதம் எங்கள் சின்னவனிடம், "பாடம் படிச்சிட்டியாடா?" என்று பெரியவன் கேட்டான்.

"ஓ, அப்பாவுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி படிச்சிட்டேன்" என்று புத்தகத்தைத் திறக்காமலேயே சொன்னான் அவன். வீடே சிரித்தது.

"இந்தப் பழமொழியை உங்களுக்கு யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.