ஆடி ஆடி வந்த அப்பா

எனக்கு விமானம் என்றால் பயம். இந்த ஒரு வரியை அன்றைக்கே என் மனைவி கலைவாணியிடம் சொல்லித் தொலைத்திருந்தால் மானம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஓர் ஆண்பிள்ளை தன் பயத்தை லேசில் பயம் என்று சொல்லிவிடமாட்டான். அதற்குக் கொள்கை, ரசனை, அனுபவம் என்று ஏதாவதொரு சட்டையை மாட்டிவிடுவான். நான் மாட்டிய சட்டைக்குப் பெயர் ‘கடல் அனுபவம்’.

அந்த அனுபவம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே நெல் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. ஏரித் தண்ணீரைத் தாண்டி எந்தத் தண்ணீரிலும் இறங்காத வம்சம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எனக்கு பம்ப் ஆபரேட்டர் வேலை கிடைத்து, திருவிடந்தையில் வீடு பார்த்துக் குடிவந்தோம். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கடலைப் பற்றி நான் விட்ட கதைகளைக் கேட்டவர்கள், எனக்குச் சொந்தமாகக் கப்பல் இருப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தத்தெடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் கலைவாணிதான். பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பிறகு காத்திருந்தோம், மூன்றரை வருடம்.

கலைவாணி சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வரவேற்பறை வேலை பார்க்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் ஷட்டில் பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

“ஏங்க, போட்டோ வந்துகீது.”

“இன்னா போட்டோ?”

“புள்ள போட்டோங்க. பொண்ணு. மூணு வயசு. பேரு ரோஷ்னி.”

அப்புறம் பஸ்ஸில் யாரோ ஒரு பெண், “இந்தாங்க மேடம், தண்ணி குடிங்க” என்று சொல்வது மட்டும் கேட்டது. நான் பம்ப் அறையில் இரைச்சலுக்கு நடுவில் நின்றபடி, “எந்த ஊரு? எந்த ஊரு?” என்று கத்திக்கொண்டிருந்தேன். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான்.

“அந்தமான்” என்றாள்.

கடல் கடந்து போய் மகளைக் கூட்டிவரப்போகிறோம்! (பாஸ்போர்ட் வேண்டாம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.) விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. கலைவாணி டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோது நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பிளேன்ல ஏறுனா இன்னா தெரியும்? கப்பல்ல போலாம். மூணு நாளு. நம்ம பொண்ணு பொறந்த கடலைப் பாத்துக்கினே போலாம்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பேச்சு அழகாக இருந்ததால் நம்பிவிட்டாள். ஆனால் அங்கே இன்னோர் ஆள் உட்கார்ந்திருந்தான், அவள் தம்பி மூர்த்தி. சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான்.

“கடல்ல போயி பழக்கம் கீதா மாமா உனுக்கு?”

“தெனம் கடல்லதான்டா வேலை செய்யறேன்.”

“நீ செய்யறது கடல் தண்ணியில மாமா. அது பைப்புல வருது. அலையுமா கூட வருது?”

அவனை நான் மதிக்கவில்லை. தத்தெடுப்புக் குழு எங்களைச் சந்திக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போர்ட் பிளேரில் இறங்கிவிடும்படி கப்பலில் இடம் பிடித்தேன். வானிலை சரியில்லை என்று கப்பல் ஒன்றரை நாள் தாமதமாகத்தான் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். நானோ மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் நீரோட்டம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

கரை மறைந்த கால்மணி நேரத்தில் அந்த விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

அதன் பிறகு மூன்று நாட்கள் நான் கடலைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளியைத்தான். கலைவாணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. காலையில் பூரி, மதியம் மீன் குழம்பு என்று சாப்பிட்டாள், வீணாகக்கூடாது என்று என் பங்கையும் சேர்த்து. பக்கத்துப் படுக்கைகளில் இருந்த பெண்களிடம் பேசி இந்தியை வேறு விருத்தி செய்துகொண்டாள். நடுநடுவே வந்து யூடிகோலோன் என்ற ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். கப்பல் டாக்டர் மாத்திரையும், வாந்தி நிற்க ஒரு ரோஸ் நிற சிரப்பும் கொடுத்தார். மூடியில் அளந்து குடிக்கச் சொன்னார். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் மூடியில் எங்கே அளப்பது? பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.

கப்பல் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு நேரம் கொடுத்திருந்த அதே நாள் காலை பத்து மணி. பதினோரு மணிக்குக் குழு. குளிக்கவில்லை, முகம் மழிக்கவில்லை, கண்கள் செக்கச்செவேல். கலைவாணி பாட்டிலில் மிச்சமிருந்த யூடிகோலோன் முழுவதையும் என் சட்டையில் கொட்டி, “வாந்தி வாசனை போயிரும்” என்றாள். வாந்தி வாசனை போய்விட்டது. அதற்குப் பதிலாக எந்த வாசனை வந்தது என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

ஆட்டோவில் போகும்போது அவள் கடைசியாக ஒருமுறை பாடம் நடத்தினாள்.

“எது கேட்டாலும் சிரிச்ச மொகமா ‘ஜி ஹாங்’னு சொல்லுங்க, ஆமான்னு அர்த்தம். மத்தத நான் பாத்துக்கறேன்.”

அந்த அலுவலகம் ஒரு மேட்டில் இருந்தது. இறங்கி நின்றதும்தான் கவனித்தேன், கப்பல் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. தரை மெல்ல எழும்பியது, தாழ்ந்தது. சுவர் என்னை நோக்கி வந்து, எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் போனது. மூன்று நாள் கப்பலில் இருந்தால் உடம்பு ஆட்டத்துக்குப் பழகிவிடும், கரையேறிய பிறகும் கொஞ்ச நாள் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (கடல் அனுபவம் உள்ளவனுக்கு யார் சொல்வார்கள்?)

அறைக்குள் நீளமான மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தார். அவர்தான் குழுத் தலைவர். ஓரத்தில் ஒரு எழுத்தர். குழுவில் இருந்த டாக்டர் இன்னும் வரவில்லை. எங்களுக்காக மொழிபெயர்க்கவேண்டிய ஸ்டெல்லா என்ற தமிழ்ப் பெண்மணி, ரோஷ்னி இருந்த இல்லத்தில் வேலை செய்பவர், குழந்தையைக் கூட்டிவரப் போயிருந்தார். கலைவாணியை எழுத்தர் தன் மேசைக்குக் கூப்பிட்டுக் காகிதங்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார். நான் மேடத்துக்கு எதிரில் தனியாக உட்கார்ந்தேன். நாற்காலி இடது பக்கம் நகர்ந்ததாகப் பட்டது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மேடம் மூக்கைச் சுருக்கினார். என் கண்களைப் பார்த்தார். பிறகு இந்தியில், நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

“ஆப் ஷராப் பீதே ஹைங்?”

எனக்கு அதில் ஒரு வார்த்தை பளிச்சென்று புரிந்தது. சிரப்! கப்பலில் வாந்தி எடுத்தது இவருக்கு எப்படியோ தெரிந்து, அக்கறையாக விசாரிக்கிறார். என்ன நல்ல மனுஷி!

“ஜி ஹாங்! ஜி ஹாங்!” என்றேன், சிரித்த முகமாக.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “கப்?”

(இந்தியில் ‘ஷராப்’ என்றால் மது, ‘கப்’ என்றால் ‘எப்போது’ என்று அர்த்தமாம். இப்போது தெரியும்.) மூடியில் அளந்து குடித்தேனா என்று கேட்கிறார் என நினைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எடுத்து வீசினேன்.

“நோ கப், மேடம். டைரக்ட் பாட்டில்! மார்னிங், நைட்!” என்று சொல்லி, தலையை அண்ணாந்து குடித்தும் காட்டினேன். அண்ணாந்ததில் கூரை சுற்றியது. நாற்காலியோடு சாயப் போனவனை மேசைதான் காப்பாற்றியது.

பின்னாலிருந்து கலைவாணி, “ஐயையோ” என்று அலறினாள்.

அவள் ஓடிவந்து இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றையும் கலந்து என்னென்னவோ சொன்னாள். அவசரத்தில் மூன்று நாள் படித்த இந்தி முழுவதும் அவளைக் கைவிட்டுவிட்டது. மேடம் எங்கள் ஃபைலை மெதுவாக மூடினார். வேறு ஒரு நாள் பார்க்கலாம், இப்போது முடியாது என்பதை அவர் எந்த மொழியில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. புரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. கலைவாணி என் தோளில் கை வைத்தாள். மூன்று நாளாகக் கடல் அசைக்க முடியாத கை என் சட்டையைக் கசக்கிப் பிடித்தது. ஒரு விமானத்துக்குப் பயந்து நான் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைத்தது.

“ஐ நோ டிரிங்க், மேடம்” என்றேன். குரல் உடைந்துவிட்டது. குடிகாரர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதும், இப்படித்தான் அழுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதா என்ன?

மேடம் சற்று நேரம் யோசித்தார். பிறகு கதவைக் காட்டினார். அங்கிருந்து மேசைவரை நேராக நடந்துவரச் சொன்னார்.

கதவுவரை சுவரைப் பிடித்தபடி போனேன். திரும்பி, மூச்சை இழுத்துவிட்டு, நடக்க ஆரம்பித்தேன். முதல் அடி நன்றாகத்தான் விழுந்தது. இரண்டாவது அடியில் தரை இறங்கியது. நான் வலப்பக்கம் போனேன். தரை எழும்பியது. இடப்பக்கம் வந்தேன். எழுத்தர் தன் மேசையிலிருந்த டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. களுக்கென்று, மூக்கால் சிரிக்கிற சிரிப்பு.

“ஜஹாஜ்!”

திரும்பிப் பார்த்தேன். கதவருகே ஸ்டெல்லா நின்றிருந்தார். அவருக்கு முன்னால் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண். கையிரண்டையும் பக்கவாட்டில் விரித்து, என் பின்னாலேயே வலமும் இடமுமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்துவந்துகொண்டிருந்தாள்.

“ஜஹாஜ்! பாபா ஜஹாஜ்!”

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். “கப்பல்னு சொல்றா. எங்க இல்லத்து ஜன்னல்லருந்து பார்த்தா துறைமுகம் தெரியும். கப்பல்ல வர்றவங்க எல்லாரும் இறங்கி இப்படித்தான் நடப்பாங்க. பிள்ளைங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அப்பாவும் அம்மாவும் கப்பல்ல வர்றாங்கன்னு இவகிட்ட சொல்லி வச்சிருந்தேன்.” மேடத்திடமும் அதையே இந்தியில் சொன்னார்.

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. என் மகள் என் சட்டையின் பின்நுனியைப் பிடித்திருந்தாள். நான் நின்றதில் அவளுக்கு அதிருப்தி. முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள், ஆட்டம் தொடரட்டும் என்று. தொடர்ந்தேன். வேறென்ன செய்வது? மேசைவரை இருவரும் ஆடி ஆடியே போய்ச் சேர்ந்தோம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்து எதையோ அடக்குவது தெரிந்தது.

ஆனாலும் அவர் சட்டப்படி நடப்பவர். டாக்டர் வந்ததும் என்னை அவரிடம் ஒப்படைத்தார். டாக்டர் என்னை ஊதச் சொன்னார், கண்ணில் டார்ச் அடித்தார், சட்டையை முகர்ந்து பார்த்துத் தும்மினார். சிரப் பாட்டிலையும் வாங்கிப் படித்தார். கடைசியில் ஒரு தாளில், ‘கடற்பயணத்தால் ஏற்பட்ட தள்ளாட்டம், மது அருந்திய அறிகுறி எதுவும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அது எங்கள் ஃபைலில் சேர்ந்தது. ஒரு நகலை என்னிடம் கொடுத்தார்கள்.

அன்றைக்கே கையெழுத்துகள் முடிந்தன. ரோஷ்னி கலைவாணியின் மடியில் ஏறி உட்கார்ந்து, பிஸ்கட் தின்றபடி என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். நடுவில் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்ப்பாள். நானும் சாய்ப்பேன். இரண்டு நாளில் என் தள்ளாட்டம் தானாகவே நின்றுவிட்டது. அதில் அவளுக்குத்தான் பெரிய வருத்தம். அவளுக்காக அதன்பிறகு வேண்டுமென்றே ஆடினேன்.

திரும்பும்போது விமானம்தான். பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். என் மகள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, தெரிந்த கப்பலுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். ஏர்போர்ட்டுக்கு வேன் எடுத்து வந்த மூர்த்தியிடம் கலைவாணி, கோவளம் வருவதற்குள் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். அவன் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் சிரித்தான்.

“மாமா, லைசென்ஸ் வச்சிக்கினு ஓட்றவன் நானு. சர்ட்டிபிகேட் வச்சிக்கினு குடிக்காம இருக்கறவன் நீ ஒருத்தன்தான்.”

அன்று ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் யாராவது எனக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், “பாத்து ஊத்து, மாமா கவர்மென்ட் முத்திரை வாங்குனவரு” என்பான். அந்தத் தாளைக் கலைவாணி லேமினேஷன் செய்து, தத்தெடுப்பு உத்தரவோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

ரோஷ்னிக்கு இப்போது எட்டு வயது. எங்களைவிட நன்றாகவே எங்கள் ஊர்த் தமிழ் பேசுகிறாள். இந்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு மூவரும் போயிருந்தோம். புது டீச்சர். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்தார். “உங்க அப்பாவைப் பத்திச் சொல்லேன், ரோஷ்னி” என்று அன்பாகக் கேட்டார்.

என் மகள் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்:

“எங்கப்பா குடிக்கவே மாட்டாரு மிஸ். வூட்ல சர்ட்டிபிகேட்டு கீது.”

அதுவரை அந்த டீச்சருக்கு அப்படியொரு சந்தேகம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. கலைவாணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின. விளக்கிச் சொல்லிவிடலாம் என்று அவசரமாக எழுந்தேன். அந்தக் குட்டி நாற்காலி என்னோடு ஒட்டிக்கொண்டு பாதி எழுந்து காலைத் தட்டிவிட, நான் வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை சாய்ந்து, டீச்சரின் மேசையைப் பிடித்து நின்றேன்.

டீச்சர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த வகுப்பறையில் கைதட்டியது என் மகள் ஒருத்திதான்.