மெத்தைமேல் கண்மூடாப் படலம்

வாழி, மெத்தைக்கடை மாவீரனே! பஞ்சும் நுரையும் சுருள்கம்பியும் பொதிந்த பள்ளியணைகளை விற்று ஊரையெல்லாம் உறங்கவைத்து, தான் மட்டும் விடியவிடியப் புரண்டு கிடந்த விற்பனைத் திலகமே, நீ வாழி!

ஆண்டுக்கணக்காய்த் தூக்க மாத்திரைக்கு அடிமைப்பட்டுக் கிடந்த அவ்வீரனை மருத்துவர் மெல்ல மெல்ல மீட்டுவருங்காலை, முழு மாத்திரை அரையாய்த் தேய்ந்த வாரத்தில் அவர் விடுத்த ஆணை ஒன்றே: "பகல்ல மட்டும் கண்ணசந்துடாதீங்க. அசந்தா ராத்திரி தூக்கம் போயிடும், மனசு திரும்ப முழுசு கேட்கும்." இல்லக்கிழத்தியோ ஒருபடி மேலே போய், "இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுல போய்த் தூங்கிக்கிறேன்" என்று முரசறைந்துவிட்டாள். பாவம், இவன் புரண்ட புரளலில் அவளும் தூங்கி நாளாகியிருந்தது.

பகலில் தூங்காதே என்பது பிறர்க்கு எளிது. ஐயகோ, நாலாபுறமும் கட்டில் விரித்த களத்தில் நின்று பிழைப்பவனுக்கு?

உண்ட மயக்கமென்னும் பெரும்படை இமைக்கோட்டையை முற்றுகையிட்ட பிற்பகலில் வந்தனர் ஒரு தம்பதியர். குத்தினர், அமுக்கினர், உட்கார்ந்து எழுந்தனர், திருப்திதான் வரவில்லை. "அண்ணே, நீங்களே கொஞ்சம் படுத்துக் காட்டுங்களேன்!" என்றாள் அம்மங்கை. கல்லாவிலிருந்த முதலாளி கண்ணாலேயே 'படு' என்றார்.

படுத்தான் வீரன், படுகுழியில் பாய்ந்தான் என்பதே பொருத்தம். அடடா, முதுகைத் தாங்கி, இடுப்பை ஏந்தி, 'வா ராசா' என்று பிடரியை வருடிய அவ்வஞ்சகப் பஞ்சணைமேல், மனைவி பெட்டி கட்டும் காட்சி நெஞ்சைப் பிசைய, பல்லைக் கடித்து, தொடையைக் கிள்ளி, கொட்டாவி ஒவ்வொன்றையும் வாய்வாசலிலேயே வெட்டி வீழ்த்தி, கண்ணீர் தாரையாய் வழிய, மின்விசிறியை முறைத்தபடியே, "முதுகுவலிக்கு நல்லதுங்க, பத்து வருஷம் அமுங்காதுங்க" என்று முழங்கினான் அன்றோ! வென்றான்! துயிலரக்கி புறமுதுகிட்டு ஓடினாள்!

தம்பதியர் அவனைச் சற்று நேரம் உற்று நோக்கினர். "ஏங்க, படுத்தவருக்கே தூக்கம் வரலையே, நமக்கு எங்க வரப்போகுது? வாங்க, வேற கடை பார்ப்போம்."

"ஒரு நிமிஷம் கண்ணை மூடித் தொலைச்சா என்னய்யா?" என்று எண்டிசையும் நடுங்க இடித்துரைத்தார் முதலாளி. வாகை சூடிய வீரனோ கசங்கிய விரிப்பை நீவிவிட்டான்.

அன்று ராத்திரி அவன் போட்ட அரை மாத்திரைக்கே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.