சுரண்டை மாமாவும் ரெண்டாவது துப்பாக்கியும்

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சுரண்டையில இருந்து வர்ற ஒரு மாமாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போய், அருவியில குளிக்க வச்சு, மதியச் சாப்பாட்டுக்குத் தென்காசிக்குத் திருப்பிக் கொண்டு வரணும்.

சாரல் சீசன்ல எங்க ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் செய்ற வேலைதான் இது. இதுல தப்பு பண்றதுக்குத் தனித் திறமை வேணும். எனக்கு அது இருக்கு.

இந்த மாமா சாதாரண விருந்தாளி இல்ல. என் தங்கச்சியைப் பொண்ணு கேட்டிருக்கிற பையனோட அப்பா. பையன் ராணுவத்துல இருக்கான். பையனோட அம்மாவும் அக்காவும் ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போயாச்சு. மாமா சம்மதம் மட்டும் பாக்கி.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வர்றவங்க, மனசு முழுசா ஒத்து வர்ற வரைக்கும் பொண்ணு வீட்டுல சாப்பிட மாட்டாங்க. காப்பி குடிப்பாங்க, அதோட சரி. இலையில உக்காந்து கை நனைச்சுட்டாங்கன்னா சம்மதம்னு அர்த்தம். வாயால சொல்லவே வேண்டாம்.

அதுக்குத்தான் அம்மா ஒரு திட்டம் போட்டு வச்சிருந்தா.

"அருவில குளிச்சா எப்பேர்ப்பட்ட மனுசனுக்கும் பசி தாங்காது. அந்தப் பசியோட கொண்டாந்து இலை முன்னால உக்கார வையி. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். வழியில ஒண்ணும் வாங்கிக் குடுத்துராதல. ஒரு பஜ்ஜி கூட."

தங்கச்சி கார் வரைக்கும் வந்தா.

"அண்ணே, எதையாவது பேசிக் கெடுத்துராத."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா துப்பட்டா நுனியை முறுக்கிக்கிட்டே இருந்தா. நாலு வருஷமா வந்த வரனை எல்லாம் வேண்டாம்னு சொன்னவ. இந்தப் பையன்கிட்ட ரெண்டு மாசம் போன்ல பேசிட்டு, யாரும் கேக்காமலே "சரி"ன்னவ. எனக்குத் தங்கச்சின்னா உயிர். இதை மட்டும் நான் கெடுத்துரக் கூடாதுன்னு கும்பிட்டுட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

கிளம்புற நேரத்துல எங்க அப்பா, "நானும் வாரேன்"னு பின் சீட்டுல ஏறிட்டார். அப்பா போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். மாமா பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேரும் விறைப்பா ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. பேச்சே இல்ல. மாமா மடியில அவரோட நீளக் கறுப்புக் குடை.

இந்த அமைதி நல்லதில்லன்னு எனக்குத் தோணுச்சு. பாட்டுப் போடுவோம்னு போனைத் தொட்டேன்.

முந்தின நாள் நான் பாதி பாத்து நிறுத்தின யூடியூப் வீடியோ கார் ஸ்பீக்கர்ல கிளம்பிருச்சு. கரகரன்னு ஒரு குரல். "அந்தத் தலைவரைச் சுட்டது உண்மையில் யார்?"

எந்தத் தலைவர்னு நான் சொல்லப் போறதில்ல. சொன்னா இங்க கமென்ட்லயும் சண்டை வரும். ஏதோ ஒரு தூர தேசம், நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. மேடையில பேசிட்டு இருந்தவரைச் சுட்டுட்டாங்க. ஒருத்தனைப் பிடிச்சாங்க. அவன் மட்டும்தானா, பின்னால வேற ஆளும் இருந்தாங்களான்னு இப்ப யாரோ மறுபடியும் கிளப்பிவிட, டிவி, டீக்கடை, சலூன் எல்லா இடத்துலயும் இதே பேச்சு.

நான் அவசர அவசரமா நிறுத்தினேன். லேட்டு.

"ரெண்டு துப்பாக்கி," அப்படின்னார் மாமா, ஜன்னலைப் பாத்தபடியே.

"ஒண்ணுதான்," அப்படின்னார் அப்பா, அந்தப் பக்கத்து ஜன்னலைப் பாத்தபடியே.

"எப்படிச் சொல்லுதிய ஏட்டையா?"

"கேஸ்கட்டு எழுதினவன் சொல்லுதேன் அண்ணாச்சி. பிடிச்சவன் ஒருத்தன். கேஸ் முடிஞ்சுது."

"முடிச்சுட்டாவன்னு சொல்லுங்க."

நான் ரோட்டோரம் மங்குஸ்தான் விக்கிறதைக் காட்டினேன். மழை வருமான்னு கேட்டேன். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

பேரருவியில நல்ல தண்ணி. நல்ல கூட்டம். வரிசையில நின்னு உள்ள போனோம். சரி, தண்ணிக்குள்ள போயிட்டா பேச முடியாது, அருவியே வாயை அடைச்சிரும்னு நினைச்சேன்.

அருவிக்குக் கீழ பேச முடியாதுதான். ஆனா கத்த முடியும்.

"ஒருத்தன் எப்படிவே அத்தனை வேகத்துல மூணு ரவுண்டு சுடுவான்?" மாமா கத்துறார்.

"பயிற்சி உள்ளவன் சுடுவான்!" அப்பா கத்துறார்.

"அப்போ முன்பக்கம் எப்படிக் காயம் வந்துது?"

பக்கத்துல குளிச்சுட்டு இருந்த ஒருத்தர் கண்ணைத் திறந்தார். "எங்கங்க சுட்டாங்க?"

"மாடியில இருந்து!" இது அப்பா.

"மரத்துக்குப் பின்னால இருந்தும்!" இது மாமா.

அந்த ஆள் மேல பாறையையும் மரத்தையும் ஒரு பார்வை பாத்தார். ரெண்டு பிள்ளைகளையும் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வெளியே போயிட்டார். அவர் போறதைப் பாத்து இன்னும் நாலு பேர் போனாங்க. அன்னைக்கு சீசன் ஞாயித்துக்கிழமையில எங்களுக்குக் கிடைச்ச இடம் மாதிரி யாருக்கும் கிடைச்சிருக்காது. தாராளமா நின்னு குளிச்சோம்.

விசில் சத்தம் கேட்டுச்சு. டூட்டியில இருந்த போலீஸ்காரத் தம்பி எங்க மூணு பேரையும் வெளியே கூப்பிட்டார்.

"பெரியவரே, யாரு சுட்டது?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்," அப்படின்னார் மாமா.

நான் நடுவுல புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா ஏட்டா இருந்தவர்னு கேட்டதும் அந்தத் தம்பி விறைச்சு நின்னு ஒரு சல்யூட் வச்சார். அப்பா முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"ஐயா, தப்பா எடுத்துக்கிடாதிய," அப்படின்னு தம்பி தொடர்ந்தார். "அந்த வீடியோ நானும் பாத்தேன். ரெண்டு துப்பாக்கிதான்."

மாமா சந்தோஷத்துல அந்தத் தம்பியோட கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டார். அப்பாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அந்தக் கோவத்துல ஒரு வார்த்தை விட்டார் பாருங்க.

"அண்ணாச்சி பட்டாளத்துல ஸ்டோர்ல கம்பளி எண்ணிக்கிட்டு இருந்ததாத்தான சொன்னாவ? தோட்டாவப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அருவித் தண்ணியை விட ஜில்லுன்னு ஆயிருச்சு.

மாமா மெதுவா தலையைத் துவட்டினார். வேட்டியைக் கட்டினார். குடையை எடுத்தார்.

"தம்பி, சுரண்டை பஸ் எங்கன நிக்கும்?"

"மாமா, வீட்டுல சாப்பாடு..."

"பசிக்கத்தான் செய்யுது. இங்கனயே ரெண்டு பரோட்டா தின்னுட்டு ஏறிக்கிடுதேன்."

அம்மா போட்ட கணக்கு துல்லியம். பசி சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு. ஆனா இலை தென்காசியில கிடக்கு, மாமா பரோட்டாக் கடையைப் பாத்து நடக்கிறார். அந்தப் பரோட்டாவுல அவர் கை பட்டா என் தங்கச்சி கல்யாணம் அதோட முடிஞ்சுது. அவ முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. என்ன செய்றதுன்னு தெரியாம, வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

"மாமா, ரெண்டாவது துப்பாக்கி எங்க இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல."

மாமா நின்னார்.

"நான் வேணா தலைவரா நிக்கேன். நீங்க சுட்டுக் காட்டுங்க."

திரும்பி வந்துட்டார். ரெண்டு துப்பாக்கிக் கட்சிக்காரங்களுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு பலவீனம், கேக்க ஒரு ஆள் கிடைக்கிறதுதான்.

என்னைப் படிக்கட்டு மேல ஏத்தினாங்க. இடுப்புல ஈரத் துண்டு, அவ்வளவுதான் தலைவரோட உடை. மாமா கீழ ஓரமா நின்னு குடையை என் நெஞ்சுக்குக் குறி வச்சார். "பேசு. தலைவர் பேசிக்கிட்டு இருந்தார்லா."

"மக்களே," அப்படின்னேன்.

"டுமீல்!"

விழுந்தேன்.

"முன்னால விழுதியே! பின்னால விழணும். அப்பத்தான முன்பக்கம் இருந்து சுட்டதா அர்த்தம்."

எந்திரிச்சு பின்னால விழுந்தேன். இடுப்புல கல்லு குத்திருச்சு.

இதுக்கு மேல அப்பாவால சும்மா இருக்க முடியல. சட்டைகூடப் போடாம வந்து கையை நீட்டினார். "அண்ணாச்சி, நீங்க நிக்க இடமே தப்பு. அங்கன தள்ளி நில்லுங்க. எலே, நீ மறுபடியும் விழு."

மூணாவது தரம் விழுந்தேன். ரெண்டு பேரும் பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்தாங்க.

"இவன் விழுகது சரியில்ல அண்ணாச்சி."

"ஆமா ஏட்டையா. செத்தவன் மாதிரியே இல்ல."

அன்னைக்கு முதல் தடவையா ஒத்துப் போனாங்க. சந்தோஷத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இடுப்பு வலியும் ஒரு காரணம். சுத்தி ஒரு கூட்டமே நின்னு போன்ல படம் பிடிச்சதை நான் கவனிக்கவே இல்ல.

எப்படியோ சமாதானம் பேசி ரெண்டு பேரையும் காருல ஏத்தினேன். மாமா இன்னும் சரியா முகம் கொடுக்கல. "வீட்டு வாசல்ல இறக்கி விடு, சொல்லிட்டுப் போயிருதேன்"ன்னுதான் சொன்னார். சாப்பாட்டைப் பத்திப் பேச்சே எடுக்கல. வண்டியில வச்சுட்டுப் போயிருந்த என் போன்ல இருபத்திமூணு மிஸ்டு கால். சாப்பாடு ஆறிருச்சுன்னு அம்மா கூப்பிட்டிருப்பான்னு நினைச்சேன்.

தெருவுல திரும்பினா எங்க வீட்டு வாசல்ல கூட்டம்.

தங்கச்சி ஓடி வந்தா. என் முகத்தைப் பாத்தா, தோள்ல ரெண்டு அடி அடிச்சா, அப்புறம் அழுதா. குத்துக்கல்வலசையில இருந்து அம்மாவோட தங்கச்சி, எங்க சித்தி, ஆட்டோ பிடிச்சு வந்து இறங்கியிருந்தா. அவ கையில போன். போன்ல நான். ஈரத் துண்டோட விழுந்துக்கிட்டு இருக்கேன். கீழ எழுதியிருந்துச்சு: "குற்றாலத்தில் பட்டப்பகலில் பயங்கரம். உண்மையை மறைக்கிறார்கள். அனைவருக்கும் பகிரவும்."

"சித்தி, எனக்கு ஒண்ணும் ஆகல. சும்மா நடிச்சுக் காட்டினேன்."

"மூணு தரம் விழுத. ஒருத்தன் சும்மா எதுக்குல மூணு தரம் விழுதான்?"

"நான் நேர்ல நின்னேன் தாயி," அப்படின்னார் மாமா. "துப்பாக்கியே கிடையாது."

சித்தி வீடியோவை நிறுத்தி, ரெண்டு விரலால பெருசாக்கினா. "அப்போ நீளமா கறுப்பா ஒண்ண நீட்டிக்கிட்டு நிக்கானே, இவன் யாரு?"

எல்லாரும் போனைப் பாத்தாங்க. அப்புறம் மாமா கையைப் பாத்தாங்க.

"நாந்தான். இது குடை."

"குடைன்னுதான் சொல்லுவிய."

"விரிச்சுக் காட்டட்டுமா?"

"இப்ப விரியும். அப்பம் என்ன செஞ்சுதோ? இந்தா, முதுகக் காட்டிக்கிட்டு சட்டை இல்லாம ஒருத்தன் கைய நீட்டுதான். சைகை குடுக்காம்லா. இவன் யாரு?"

"அது நாந்தான்," அப்படின்னார் அப்பா.

"அத்தான், நீங்களுமா?"

மாமா முகத்தைப் பாக்கணுமே. பாவம், வெலவெலத்துப் போயிட்டார். "என்ன ஏட்டையா இது? செத்தவனையே கொண்டாந்து முன்னால நிறுத்திருக்கோம். அப்பவும் நம்ப மாட்டேங்காவளே!"

"நேர்ல நின்னவியதான் மறைப்பாவ," அப்படின்னா சித்தி. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் தலையை ஆட்டினாங்க.

அப்பா முன்னால வந்து மாமா தோள்ல கையைப் போட்டார். பழைய ஸ்டேஷன் குரல் வந்துருச்சு.

"போதும் நிறுத்துங்க. எங்க சம்பந்தி யாரையும் சுடல. ஒரு எறும்பக்கூட நசுக்க மாட்டாரு. நான் சாட்சி."



சம்பந்தின்னுட்டார். கை நனைக்கிறதுக்கு முன்னாடி பொண்ணைப் பெத்தவர் வாயில வரக் கூடாத வார்த்தை. அம்மா கரண்டியோட வாசப்படியில அப்படியே நின்னுட்டா. தங்கச்சி தரையைப் பாத்துக்கிட்டு நின்னா.

மாமா அப்பாவைப் பாத்தார். கம்பளி எண்ணினவர்னு ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்ன அதே வாய். குடையைக் கொண்டு போய்ச் சுவர்ல சாத்தி வச்சார்.

"இலையைப் போடுங்க தாயி. பசி உயிரு போவுது."

தங்கச்சி உள்ள ஓடிட்டா. ஓடும்போது சிரிச்சாளா அழுதாளான்னு எனக்குத் தெரியல. ரெண்டும்தான்னு அம்மா அப்புறமா சொன்னா.

மாமா மூணு தரம் சோறு வாங்கினார்.

"ஆனாலும் துப்பாக்கி ரெண்டுதான் சம்பந்தி."

"ஒண்ணுதான் சம்பந்தி. பாயசத்த ஊத்திக்கிடுங்க."

சித்தியும் சாப்பிட்டா, என் பக்கத்துலயே உக்காந்து. நடுவுல என் கையை ஒரு தரம் நறுக்குன்னு கிள்ளிப் பாத்தா. நான் கத்தினேன். திருப்தியாத் தலையை ஆட்டிட்டு, என் காதோரமா கேட்டா:

"சரில, நீ உயிரோடதான் இருக்க, நம்புதேன். அப்போ செத்தது யாரு?"